வீட்டில் யார் யாரைப் பழக்குகிறார்கள்?

கேள்வி இதுதான்: ஒரே வீட்டில் ஒருவர் எல்லாப் பொறுப்பையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறார், ஒருவர் அடங்காதவர் என்று பெயர் எடுக்கிறார், இன்னொருவர் சண்டைகளுக்கு நடுவில் புகுந்து சமாதானம் செய்துகொண்டே இருக்கிறார். இந்தப் பாத்திரங்கள் எப்படி அமைகின்றன? ஒரு செயலை அதன் பின்விளைவுகளை வைத்து விளக்கும் நடத்தையியல் கோட்பாடுகள் இதை விளக்குமா?

நிறையவே விளக்கும். எங்கே கைவிடும் என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அவை நம் வழக்கமான கேள்வியை மாற்றிவிடுகின்றன. "இவன் ஏன் இப்படி இருக்கிறான்?" என்று கேட்டால் பிறவிக்குணம், வளர்ப்பு, சேர்க்கை என்று பதில் போய்க்கொண்டே இருக்கும். நடத்தையியல்காரர் கேட்பது ரொம்பச் சின்னக் கேள்வி: அவன் அப்படிச் செய்தவுடன் வீட்டில் என்ன நடந்தது? யார் திரும்பிப் பார்த்தார்கள், யார் விட்டுக்கொடுத்தார்கள், எந்த வேலை அவன் தலையிலிருந்து இறங்கியது? ஒரு செயல் மறுபடி வருமா என்பதை அதன் பின்விளைவு தீர்மானிக்கிறது என்ற சிந்தனை, உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் கூண்டுக்குள் பூனைகளை வைத்துச் செய்த சோதனைகளில் தொடங்கியது. அவற்றை அவர் 1898-இல் வெளியிட்டார். எலிகளை வைத்துச் சோதித்த பி. எஃப். ஸ்கின்னர் 1938-இல் அதைத் தனி அறிவியலாகவே விரித்தெழுதினார். பூனைக்கும் எலிக்கும் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் கொஞ்சம் பொறுங்கள்.

பொறுப்பான மூத்த பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஏழெட்டு வயதில் தம்பிக்குச் சட்டை மாட்டிவிட்டாள். எல்லோரும் பாராட்டினார்கள், அடுத்த நாளும் செய்தாள். போகப் போகப் பாராட்டு குறைந்து நின்றும் போகிறது, ஏனென்றால் அது இப்போது அவள் வேலை. ஆனாலும் அவள் நிறுத்துவதில்லை. இப்போது அவளைச் செய்யவைப்பது வேறொன்று: அவள் எழுந்திருக்காவிட்டால் அம்மாவின் முகம் இறுகுகிறது, அப்பாவின் குரல் மாறுகிறது, எழுந்துவிட்டால் அந்த இறுக்கம் விலகுகிறது. இப்படிப் பிடிக்காத ஒன்று விலகுவதால் ஒரு செயல் பலப்படுவதை எதிர்மறை வலுவூட்டல் என்கிறார்கள். பலர் இதைத் தண்டனையோடு குழப்பிக்கொள்கிறார்கள். தண்டனை ஒரு செயலைக் குறைக்கும், இதுவோ கூட்டும். வீட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் பாத்திரங்களில் பெரும்பாலானவற்றைத் தாங்கி நிற்பது பரிசோ பாராட்டோ இல்லை, இந்தத் தற்காலிக நிம்மதிதான் என்பது என் கணிப்பு.

அவள் பழகும் அதே நேரத்தில் மற்றவர்களும் பழகுகிறார்கள். அக்கா செய்துவிடுவாள் என்பதால் தம்பிக்குச் சும்மா இருப்பது லாபம். அவளிடம் சொன்னால் ஒரே வார்த்தையில் முடிகிறது, அவனிடம் சொன்னால் அரை மணி நேரம் இழுக்கும். ஆகவே அம்மாவுக்கு அவளையே கூப்பிடுவது லாபம். பத்து வருடம் கழித்து வீடே "அவள் அப்படி, இவன் இப்படி" என்று பேசும். ஆனால் பொறுப்பானவளையும் பொறுப்பில்லாதவனையும் உண்டாக்கியது ஒரே ஏற்பாடு. நம்பிக்கை வராவிட்டால் இடத்தை மாற்றிப் பாருங்கள். அதே பெண் நண்பர்கள் கூட்டத்தில் எதையும் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருப்பாள். அந்தத் தம்பி வேலைக்குப் போன இடத்தில் பொறுப்பானவன் என்று பெயர் வாங்கியிருப்பான். விடுமுறைக்குப் பெற்றோர் வீட்டுக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்தில் இருவரும் பழையபடி ஆகிவிடுவார்கள். எந்தச் சூழலில் எது பலன் தரும் என்று கற்றோமோ, அந்தச் சூழல் கண்ணில் பட்டதும் அந்த நடத்தை தானாகவே வந்துவிடுகிறது.

இனி அடங்காத பிள்ளை. இங்கேதான் இந்தக் கோட்பாடுகளின் மிகப் பலமான வேலை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1960-களிலிருந்து குடும்பங்களின் வீடுகளுக்கே போய் உட்கார்ந்து பார்த்தார்கள். எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டும், இரண்டு அறைகளுக்குள் இருக்க வேண்டும், தொலைக்காட்சி கூடாது, பார்வையாளரோடு பேசக் கூடாது என்றெல்லாம் விதிகள். யார் என்ன செய்தார், அதற்கு அடுத்தவர் என்ன செய்தார் என்று சில வினாடிக்கு ஒரு முறை குறியீடாகக் குறித்தார்கள். பெற்றோரிடம் "உங்கள் பிள்ளை எப்படி?" என்று கேட்டு எழுதிய ஆய்வுகள் நிறைய இருந்தன. பேட்டர்சன் அந்தக் கேள்வியை நம்பாமல் நடப்பதை எண்ணினார்.

அவர் கண்ட சங்கிலி நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அம்மா: "கைபேசியை வைத்துவிட்டுப் பாடத்தை எடு." பையன் முனகுகிறான். அம்மா குரலை உயர்த்துகிறார். பையன் கத்துகிறான், கதவை அறைகிறான். அம்மா, "என்னமோ பண்ணித் தொலை" என்று விலகிப்போகிறார். வீடு அமைதியாகிவிடுகிறது.

இந்த அமைதியில்தான் விஷயமே இருக்கிறது. கத்தியதும் பையனுக்கு அந்த வேலை விலகியது. விட்டுக்கொடுத்ததும் அம்மாவுக்குக் கத்தல் விலகியது. இருவருக்கும் ஒரே நொடியில் கூலி கிடைத்துவிட்டது. அடுத்த முறை பையன் இன்னும் சீக்கிரம் கத்துவான், அம்மா இன்னும் சீக்கிரம் விடுவார். எப்போதாவது ஒரு நாள் அம்மா விடாமல் அவனைவிட உரக்கக் கத்தியோ அடித்தோ பணியவைப்பார். அப்போது அந்த வழிக்கும் பலன் கிடைத்துவிடுகிறது. ஆக, இருவரும் ஒருவருக்கொருவர் உச்சத்துக்குப் போகவே கற்றுக்கொடுக்கிறார்கள். பேட்டர்சன் 1982-இல் வெளியிட்ட நூலில் இதைக் கட்டாயப்படுத்தும் சுழற்சியாக விளக்கினார். இதில் கெட்ட பிள்ளை என்று யாரும் தேவையில்லை, திறமையற்ற அம்மாவும் தேவையில்லை. களைப்பும் கொஞ்சம் முரட்டுச் சுபாவமும் நேரமின்மையும் போதும்.

பெற்றோர்தான் பிள்ளையை உருவாக்குகிறார்கள் என்ற ஒருவழிப் பார்வையும் இங்கே உடைகிறது. 1968-இல் ரிச்சர்ட் பெல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் கேட்டது: கண்டிப்பான பெற்றோரின் பிள்ளைகள் முரடர்களாக இருப்பதாக ஓர் ஆய்வு காட்டினால், முரட்டுப் பிள்ளை பெற்றோரைக் கண்டிப்பானவர்களாக ஆக்கியிருக்கலாம் அல்லவா? கேட்டபின் எளிதாகத் தெரிகிறது. அதுவரை பலரும் கேட்கவில்லை.

சரி, விட்டுக்கொடுப்பதை நிறுத்தினால் என்ன ஆகும்? 1959-இல் வெளியான ஒரு சின்ன ஆய்வறிக்கை இதற்கு நல்ல உதாரணம். சுமார் 21 மாதக் குழந்தை. பிறந்து ஒன்றரை வருடம் கடும் நோயில் இருந்ததால் யாராவது எப்போதும் பக்கத்திலேயே இருந்தார்கள். உடம்பு தேறிய பிறகும், தூங்கும்வரை யாராவது அறையில் இருக்க வேண்டும், வெளியேறினால் அலறல். ஒவ்வொரு இரவும் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் போனது. மருத்துவ ரீதியில் பயமில்லை என்று உறுதி செய்தபின், படுக்கவைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, திரும்பப் போகாமல் இருந்தார்கள். முதல் இரவு 45 நிமிட அழுகை. பத்தாவது முறை சிணுங்கல்கூட இல்லை. அப்புறம் சுமார் ஒரு வாரம் கழித்து, அந்த வீட்டிலேயே இருந்த அத்தையோ சித்தியோ, பெற்றோரோடு முறைவைத்துத் தூங்கவைப்பவர், அழுகையைக் கேட்டு அறைக்குள் திரும்பிப் போய்விட்டார். அவ்வளவுதான், எல்லாம் முதலிலிருந்து. இரண்டாம் முறையும் அதே வழியில் அழுகையை நிறுத்தினார்கள், அதன்பின் அடுத்த இரண்டு வருடங்களுக்கு அந்தத் தொல்லை வரவில்லை.

இதில் நான் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன். நோயாக இருந்தபோது அந்த அழுகை அவசியமானது, அதற்கு ஓடிவந்ததும் சரியானது. காரணம் போன பின்பும் பழக்கம் போகாமல் தங்கிவிட்டது. பெரியவர்களின் பாத்திரங்களிலும் இதே கதைதான்: அப்பா குடித்த காலத்தில் வீட்டைக் காத்த மூத்த மகன், அப்பா குடியை விட்டுப் பல வருடம் ஆன பிறகும் ஒவ்வொரு முடிவிலும் தலையிட்டுக்கொண்டிருப்பான். இரண்டாவது, அந்த உறவினர். எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் நடத்தைதான் மறைய அதிக காலம் எடுக்கும் என்று ஸ்கின்னரும் சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரும் 1957-இல் விரிவாகக் காட்டினார்கள். ஐந்து பெரியவர்கள் உள்ள வீட்டில் நான்கு பேர் உறுதியாக இருந்து ஒருவர் மட்டும் சில நாள் இளகினால், பிள்ளைக்குக் கிடைப்பது துல்லியமாக அந்த மாதிரிப் பலன். "செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார்" என்று அந்த ஒருவர்மேல் பாய்வார்கள். அவருக்கும் தன் கூலி கிடைக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை: பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்வது அவரைத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த 21 மாதக் குழந்தையின் கதையைக் கைக்குழந்தைகளுக்கு நீட்டிவிடக் கூடாது. நடத்தையியலைத் தொடங்கிவைத்த ஜான் வாட்சன் 1928-இல் பெற்றோருக்கு எழுதிய புத்தகத்தில், பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், காலையில் கை குலுக்குங்கள் என்று அறிவுரை சொன்னார். அலுவலக மேலாளருக்கான வழிகாட்டி போல இருக்கிறது. ஹாரி ஹார்லோ 1958-இல் குரங்குக் குட்டிகளிடம் பார்த்தது அந்த எண்ணத்தையே கவிழ்த்தது: பால் தரும் கம்பிப் பொம்மையை விட்டுவிட்டு, பால் தராத மென்துணிப் பொம்மையைத்தான் குட்டிகள் கட்டிக்கொண்டு கிடந்தன. 1972-இல் சில்வியா பெல்லும் மேரி எய்ன்ஸ்வொர்த்தும், 26 தாய்–குழந்தை ஜோடிகளைப் பின்தொடர்ந்து, அழுகைக்கு உடனே பதில் கிடைத்த குழந்தைகள் முதல் ஆண்டின் பிற்பகுதியில் குறைவாக அழுதன என்றார்கள். பலன் கிடைத்த செயல் பலப்படும் என்ற வலுவூட்டல் கணக்குப்படி அவை அதிகம் அழுதிருக்க வேண்டும். நடத்தையியல் தரப்பிலிருந்து இதற்கு மறுப்பும் வந்தது, விவாதம் நீண்டது. என்றாலும் கைக்குழந்தையின் அழுகையை வெறும் பழக்கமாக எடுத்துக்கொள்வது தவறு என்ற பக்கம்தான் நான்.

பலனும் தண்டனையும் நேரடியாகத் தொடாமலேயே கற்பது நடக்கிறது என்பது அடுத்த பெரிய படி. ஆல்பர்ட் பண்டுரா 1961-இல் 72 சிறு பிள்ளைகளோடு செய்த பொம்மைச் சோதனை பலருக்குத் தெரியும்: பெரியவர் காற்றடித்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் தாங்களும் அப்படியே அடித்தன. குடும்பத்தைப் புரிந்துகொள்ள அதைவிட உதவுவது அவருடைய 1965 சோதனை. பொம்மையை அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே பின்பற்றின. ஆனால் "நீ பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு" என்றதும் அந்த வித்தியாசம் மறைந்துபோனது. அதாவது எல்லோரும் கற்றிருந்தார்கள், சிலர் செய்யாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இதைக் குடும்பத்தில் வைத்துப் பாருங்கள். சண்டை வந்தால் அப்பா மூன்று நாள் பேசாமல் இருப்பார், அம்மா கடைசியில் இறங்கி வருவார். மகன் இருபது வருடம் இதைப் பார்க்கிறான். தான் அப்படி இருக்கப் போவதில்லை என்று உறுதியாகச் சொல்கிறான், உண்மையாகவே நம்புகிறான். அவன் அதை ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை. ஆனால் யார் பேசாமல் இருக்கிறாரோ அவர் ஜெயிக்கிறார் என்ற பாடம் அவனுக்குள் முழுசாக இருக்கிறது. திருமணமாகி முதல் பெரிய சண்டையில், வேறு வழி தெரியாத நேரத்தில், அது வெளியே வருகிறது. வீட்டு வேலை யாருடையது, பணத்தை யார் வைத்திருப்பது, யார் அழலாம், யார் கோபப்படலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் கைமாறுகின்றன. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை.

கணவன் மனைவி விஷயத்தில் "நச்சரிப்பவர்", "காது கொடுக்காதவர்" என்ற ஜோடி எல்லோருக்கும் பழக்கம். ஒருவர் கேட்கக் கேட்க மற்றவர் ஒதுங்குகிறார், ஒதுங்க ஒதுங்க இவர் இன்னும் கேட்கிறார். இது பெண் குணம், ஆண் குணம் என்று முடித்துவிடுவார்கள். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹீவியும் 1990-இல் இதைச் சோதித்தார்கள். மனைவி மாற்றம் விரும்பும் விஷயத்தைப் பேசவைத்தபோது மனைவி கேட்பதும் கணவன் ஒதுங்குவதும் அதிகம் தெரிந்தது. கணவன் மாற்றம் விரும்பும் விஷயத்துக்கு வந்ததும் அந்த ஆண்–பெண் வித்தியாசம் காணாமல் போயிற்று. யாருக்கு மாற்றம் தேவையோ அவர் துரத்துகிறார். இப்போதிருக்கும் ஏற்பாடு யாருக்கு வசதியோ அவர் ஒதுங்குகிறார். வீட்டில் எந்தப் பக்கம் வசதி குறைவு என்று அறிய வேண்டுமானால், யார் நச்சரிப்பதாகப் பெயர் வாங்கியிருக்கிறார் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இவ்வளவு தெரிந்தால் சரிசெய்வது எளிது என்று ஆரம்பத்தில் நினைத்தார்கள். ரிச்சர்ட் ஸ்டூவர்ட் 1969-இல் சில தம்பதிகளுக்கு டோக்கன் முறையே வைத்தார்: கணவன் உட்கார்ந்து பேசினால் டோக்கன், அதைக் கொடுத்து அவர் நெருக்கத்தைப் பெறலாம். அப்போது பலன் கிடைத்ததாகவே அறிக்கை. ஆனால் அன்பு கணக்குப் புத்தகமானால், "நீ டோக்கனுக்காகத்தான் பேசுகிறாய்" என்ற சந்தேகம் உள்ளே வந்துவிடும். பின்னால் நீல் ஜேக்கப்சனும் கிறிஸ்டென்சனும், மாற்றத்தைக் கேட்பதோடு மாறாத சிலதை ஏற்றுக்கொள்ளவும் பழக்கும் முறைக்குப் போனார்கள். பிள்ளைகளிடமும் இந்த எல்லை உண்டு. 1973-இல் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய சோதனையில், படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளின் வரையும் ஆர்வம் குறைந்தது.

கோட்பாடு உண்மையிலேயே தடுமாறும் இடங்கள் இனி. ஒன்று, மூன்றாவது ஆள். பெற்றோர் சண்டை போடும்போதெல்லாம் ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி வருகிறது, அல்லது அது எதையாவது உடைக்கிறது. சண்டை நின்று இருவரும் பிள்ளையிடம் திரும்புகிறார்கள். இதைப் பலன், விலகல் என்று நடத்தையியல் மொழியில் சொல்லிவிடலாம்தான். ஆனால் பார்வையை இருவரிலிருந்து மூவருக்கும், பிள்ளையின் கோளாறிலிருந்து பெற்றோரின் உறவுக்கும் நகர்த்தியவர்கள் மர்ரே போவன், சால்வடோர் மினுச்சின் போன்ற, குடும்பத்தையே ஓர் அமைப்பாகப் பார்த்த சிந்தனையாளர்கள். பிள்ளையின் நடத்தையை மட்டும் திருத்தினால் அந்த வீட்டில் சண்டை வேறு வழி தேடிக்கொள்ளும்.

இன்னொன்று, அதிகாரம். பலனையும் தண்டனையையும் விநியோகிக்கும் உரிமை வீட்டில் எல்லோருக்கும் சமமாக இல்லை. ஜான் திபோவும் ஹெரால்ட் கெல்லியும் 1959-இல் சொன்ன கணக்கு இங்கே உதவும்: ஒருவர் ஓர் உறவில் திருப்தியாக இருக்கிறாரா என்பது வேறு, அதில் தங்குகிறாரா என்பது வேறு, தங்குவதைத் தீர்மானிப்பது வெளியே இருக்கும் மாற்றுவழிதான். தனக்கென வருமானமோ போக்கிடமோ இல்லாதவர் எந்தப் பாத்திரத்தையும் சுமப்பார், அதைப் பார்த்து "அவருக்கு இதுதான் பிடிக்கும்" என்பார்கள். வன்முறை உள்ள வீட்டில் "இருவரும் ஒருவரையொருவர் பழக்குகிறார்கள்" என்ற பேச்சே கூடாது. அடிக்குப் பயந்து அடங்குவதை விளக்க முடியும் என்பதால் அடித்தவரின் பொறுப்பு பங்குபோடப்படுவதில்லை. அங்கே முதலில் தேவை பாதுகாப்பு.

மற்ற வீடுகளில் இதை எப்படிப் பயன்படுத்துவது? ஒரே ஒரு சண்டையை, திரும்பத் திரும்ப வருவதை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் எதையும் மாற்றாமல், அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று மட்டும் குறித்து வாருங்கள். முக்கியமாக உங்களுக்கு என்ன விலகியது, என்ன கிடைத்தது என்று எழுதுங்கள்; இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். பிறகு உங்கள் பங்கை மட்டும் மாற்றுங்கள். முதல் சில நாட்களில் நிலைமை மோசமாகும். வழக்கமான பலன் நின்றதும் எதிராளி அதே செயலை இன்னும் பலமாகச் செய்து பார்ப்பது எதிர்பார்க்க வேண்டியதுதான். பாதியில் விட்டுக்கொடுத்தால், இன்னும் உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். ஆகவே தாங்க முடியாததைத் தொடங்க வேண்டாம். விட்டதன் இடத்தில் வேறொன்றுக்குப் பலன் கிடைக்கவும் வேண்டும்: பையன் சாதாரணக் குரலில் "பத்து நிமிஷம் கொடுங்கள்" என்று கேட்டால், அதைக் கேட்டுக் கொடுங்கள்.

ஒருவர் பங்கு மட்டும் மாறினால் போதுமா என்ற சந்தேகம் வரும். யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழுவினர் பதற்றக் கோளாறு உள்ள 7 முதல் 14 வயது வரையிலான 124 பிள்ளைகளை வைத்து 2020-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நெருக்கமானது. ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கே வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவில் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி: பிள்ளையின் பயத்துக்காக வீடு செய்துகொண்டிருக்கும் சலுகைகளை, பக்கத்தில் படுப்பது, அவனுக்குப் பதிலாகப் பேசுவது போன்றவற்றை, ஆதரவான வார்த்தையோடு படிப்படியாகக் குறைப்பது. இரண்டாவது பிரிவின் பிள்ளைகளுக்குச் சிகிச்சையாளர் யாரும் சிகிச்சை தரவில்லை. ஆனாலும் முன்னேற்றத்தில் அவர்கள் முதல் பிரிவுக்குப் பின்தங்கவில்லை.